வீங்கிய காலைப் பிடித்துவிடலாமா?

மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கும் இதயச் செயலிழப்பு (இதயம் இரத்தத்தைப் போதிய அளவு தள்ள முடியாத நிலை) நோயாளிகளுக்கு மசாஜ் செய்யலாமா என்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இதய வார்டுகளில் பல ஆண்டுகள் பணியாற்றிய பிசியோதெரபிஸ்ட் ஒருவர் இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி: என் தந்தைக்கு 68 வயது. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தின் பம்பிங் 30 சதவீதம்தான் இருக்கிறது என்று வார்டில் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு கால்களும் முழங்கால் வரை வீங்கியிருக்கின்றன. இரவானால், "கால் கனக்கிறது, கொஞ்சம் பிடித்துவிடம்மா" என்கிறார். நான் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது நர்ஸ் வந்து, "அமுக்கக் கூடாது, கையை எடுங்கள்" என்று சொல்லிவிட்டார். பெற்ற தகப்பனின் காலைப் பிடிப்பதில்கூடவா ஆபத்து இருக்கிறது?
— வாசகி, மன்னார்குடி

பதில்: நர்ஸ் சொன்னது சரி. காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் உங்கள் மனம் இவ்வளவு சங்கடப்பட்டிருக்காது.

முதலில் அந்த 30 சதவீதம் என்ற கணக்கைப் பார்த்துவிடுவோம். நல்ல ஆரோக்கியமான இதயமும் தன் இடது கீழறையில் நிரம்பும் இரத்தம் முழுவதையும் ஒரே துடிப்பில் வெளியே தள்ளிவிடுவதில்லை. 50 முதல் 70 சதவீதம் வரைதான் தள்ளும். ஆகவே 30 என்பதை நூற்றுக்கு முப்பது மதிப்பெண் என்று எடுத்துக்கொண்டு கலங்க வேண்டாம். இதயம் தள்ளும் இரத்தம் குறையும்போது சிறுநீரகத்துக்குப் போய்ச் சேரும் அளவும் குறைகிறது. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று தவறாகக் கணித்துவிடும் சிறுநீரகம், உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. அப்படிச் சேர்ந்த நீர் இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து, நிற்பவருக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும் கால்களிலும், படுத்தே இருப்பவருக்கு இடுப்பின் பின்புறத்திலும் தேங்குகிறது. நுரையீரலில் தேங்கும்போதுதான் மூச்சு இளைக்கிறது.

உங்கள் தந்தையின் கணுக்காலுக்குச் சற்று மேலே, முன் எலும்பின் மீது, மருத்துவர் கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்திவிட்டு எடுத்ததைப் பார்த்திருப்பீர்கள். பிசைந்த மாவில் விரல் பதித்ததைப் போல ஒரு குழி விழுந்து, அது நிரம்பி மேலே வரச் சற்று நேரம் பிடிக்கும். சுளுக்கிய காலின் வீக்கத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்தக் குழியில் தெரியும். உள்ளே இருப்பது நீர். கெண்டைக்காலிலிருந்து தொடை வரை நீங்கள் அழுத்தி உருவிவிட்டால் அந்த நீர் காற்றில் மறைந்துவிடாது. இரத்தக் குழாய்களுக்குள் திரும்பிச் சென்று, ஏற்கெனவே வந்த இரத்தத்தையே தள்ள முடியாமல் திணறிக்கொண்டிருக்கும் இதயத்தின் வாசலில் போய் நிற்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில், படுத்திருக்கும் நோயாளியின் இரண்டு கால்களையும் தூக்கிப் பிடித்து இரத்த அழுத்தம் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. வெறுமனே காலைத் தூக்குவதிலேயே ஏறத்தாழ 300 மில்லி இரத்தம் இதயத்தை நோக்கிப் போய்விடுகிறது. அந்த அளவைத் தாங்கும் நிலையில் எல்லா இதயமும் இருப்பதில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நாட்கணக்கில் படுத்திருப்பவரின் கெண்டைக்கால் ஆழ்நாளங்களில் இரத்தம் உறைந்து கட்டியாக நிற்கக்கூடும். அழுத்தித் தேய்க்கும்போது அந்தக் கட்டி இடம்பெயர்ந்து நுரையீரலின் இரத்தக் குழாயை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு கால் மட்டும் மற்றதைவிட அதிகமாக வீங்கியிருந்தாலோ, சூடாகவோ சிவந்தோ இருந்தாலோ, கெண்டைக்காலில் வலி இருந்தாலோ அந்தக் காலைத் தொடாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அதற்காக உங்கள் தந்தையைத் தொடவே கூடாது என்று நர்ஸ் சொல்லவில்லை. பாதத்தின் அடிப்புறத்தில் உள்ளங்கையை வைத்து மெதுவாக நீவிக் கொடுக்கலாம். வறண்டு வெடித்திருக்கும் தோலில் தேங்காய் எண்ணெயைத் துளித் துளியாகத் தடவலாம். கால் வீக்கத்தைக் குறைக்கும் வேலையை ஊசியாகவும் மாத்திரையாகவும் கொடுக்கப்படும், சிறுநீரை அதிகமாகப் பிரியவைக்கும் லாசிக்ஸ் மருந்து பார்த்துக்கொள்ளும். உங்கள் கையின் வேலை அவருக்குக் கொஞ்சம் தூக்கம் வரவழைப்பது. அதற்குக் காலைவிட முதுகும் கைகளும்தான் ஏற்ற இடங்கள்.

கேள்வி: மசாஜ் செய்தால் இதயத்தின் பம்பிங் கூடும் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் ஏதேனும் உண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: பம்பிங் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. காணொளிக்காரர்களின் துணிச்சல் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பளிக்கிறது.

உறக்கத்தையும் மனப் பதற்றத்தையும் பொறுத்தவரை ஆய்வுகள் இருக்கின்றன. 1998இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த முதிய ஆண் இதய நோயாளிகள் 69 பேரைப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு இரவில் ஆறு நிமிடம் மட்டும் முதுகை நீவிவிட்டார்கள். அவர்கள் மற்றவர்களைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்கினார்கள். இரவெல்லாம் மானிட்டர் ஒலிக்கும் அறையில் ஒரு மணி நேரத் தூக்கத்தின் மதிப்பு அங்கே படுத்தவருக்குத்தான் தெரியும். 2013இல் தைவானில் இதயச் செயலிழப்பு நோயாளிகள் 64 பேருக்கு முதுகு மசாஜ் செய்து பார்த்ததில், மனப் பதற்றத்துடன் நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் மூச்சின் வேகமும் சற்றுக் குறைந்தன. ஆனால் மசாஜ் செய்யப்படாத ஒப்பீட்டுக் குழு அந்த ஆய்வில் இல்லை. அமைதியாகப் படுத்திருந்ததாலேயே குறைந்திருக்கலாம் என்று ஒருவர் கேட்டால் மறுக்க முடியாது.

இதய அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மசாஜைப் பற்றிய இரண்டு ஆய்வுகளை ஆசிரியரான நீங்கள் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் 113 பேரிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வு, வலியும் பதற்றமும் இறுக்கமும் குறைந்தன என்றது. அதற்கு முந்தைய ஆண்டு கிளீவ்லாண்ட் கிளினிக்கிலிருந்து 252 பேரைக் கொண்டு வெளியான ஆய்வோ, செய்ய முடிகிறது என்பதைத் தவிர நோயாளிக்கு மருத்துவப் பலன் எதுவும் தென்படவில்லை என்றது. ஆகவே மசாஜை மருந்து என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆறுதல் தரும் பணிவிடை என்ற அளவில் அது நிற்கட்டும். அந்த அளவில் அது நல்லதுதான்.

கேள்வி: என் கணவரால் மல்லாந்து படுக்கவே முடியவில்லை; தலைப்பக்கத்தை உயர்த்திவைத்த கட்டிலில் சாய்ந்தே இருக்கிறார். முதுகு மரத்துப்போய்விட்டது என்கிறார். வார்டில் அட்டெண்டராக நான்தான் இருக்கிறேன். எப்படிச் செய்வது என்று விளக்கமாகச் சொல்ல முடியுமா?
— வாசகி, ஈரோடு

பதில்: மருத்துவரிடமோ பணியில் இருக்கும் நர்ஸிடமோ முதலில் அனுமதி கேளுங்கள். மூச்சிரைப்பு கூடியிருக்கும் நேரத்திலும், நெஞ்சு வலி இருக்கும்போதும், காய்ச்சலின்போதும், இரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருக்கும்போதும் செய்ய வேண்டாம். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். லாசிக்ஸ் போட்ட உடனேயும் ஆரம்பிக்காதீர்கள். பாதியில் சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கும்.

குப்புறப் படுக்கவைக்கும் எண்ணமே வேண்டாம். மூச்சு இளைப்பவருக்கு ஏற்றது உட்கார்ந்த நிலைதான். கட்டிலின் சக்கரங்கள் பூட்டியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அவரை விளிம்பில் உட்காரவைத்துக் கால்களுக்கு அடியில் ஒரு ஸ்டூலைப் போடுங்கள். சாப்பாட்டு மேசையை முன்னால் இழுத்து, அதன்மேல் இரண்டு தலையணைகளை அடுக்கி, கைகளையும் தலையையும் அதில் சாய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முன்புறம் சாய்ந்தாலே பலருக்கு மூச்சு சற்று இலகுவாகும். ஆக்சிஜன் குழாய், மருந்து ஏற்றக் கையில் குத்தியிருக்கும் வென்ஃபிளான் ஊசி, சிறுநீர்ப் பை, மானிட்டர் ஒயர்கள் எல்லாம் இழுபடாமல் இருக்கின்றனவா என்று ஒருமுறை கண்ணால் தொடர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

கைகளைக் கழுவி, உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டு, இரண்டு மூன்று சொட்டு எண்ணெயை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் முதுகெலும்பின் இருபுறமும் உள்ளங்கைகளை முழுவதுமாகப் பதித்து, தோள்வரை மெதுவாக ஏற்றி, பக்கவாட்டில் இறக்கி, கையை எடுக்காமலே மறுபடியும் இடுப்புக்குக் கொண்டுவாருங்கள். அவர் மூச்சின் வேகத்துக்கு உங்கள் கை ஓடக் கூடாது; அதைவிட மெதுவாகப் போக வேண்டும். அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால், தூங்கும் கைக்குழந்தையின் முதுகைத் தடவுவதைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். எலும்பின் மேல் அழுத்தாதீர்கள், விரல் நுனியால் குத்தாதீர்கள், மடக்கிய விரல் முட்டியால் தேய்க்காதீர்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். நடுவில் மயக்கம், படபடப்பு, வியர்வை, மூச்சுத் திணறல் என்று எது வந்தாலும் நிறுத்திவிட்டு நர்ஸை அழையுங்கள். முடிந்ததும் உடனே எழுந்து நிற்க விடாதீர்கள். இந்த நோய்க்குக் கொடுக்கும் மாத்திரைகள் பலவும் இரத்த அழுத்தத்தைக் குறைப்பவை என்பதால் தலை சுற்றிக் கீழே விழ வாய்ப்பு உண்டு.

மார்பின் பக்கம் எண்ணெய் போக வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நான் பணியாற்றிய ஒரு வார்டில், இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு குடும்பத்தார் யாருக்கும் தெரியாமல் வெளியாள் ஒருவரை வரவழைத்துப் பெரியவருக்குத் தைலம் தேய்க்கவைத்தார்கள். எண்ணெய் பட்டு நெஞ்சில் ஒட்டியிருந்த ஈசிஜி வில்லைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மானிட்டரில் நேர்கோடு ஓட, அலாரம் அலற, அவசர மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நாங்கள் நான்கு பேர் திரையை விலக்கிப் பார்த்தால், பெரியவர் கண்ணை மூடிச் சுகமாகச் சாய்ந்திருக்கிறார். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று அடுத்த கட்டில்காரருக்குப் படபடப்பு அடங்க அரை மணி நேரம் ஆயிற்று.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் மகன் காலைப் பிடித்துவிடும் இயந்திரம் ஒன்றை அனுப்பியிருக்கிறான். இதயம் பலவீனமாக இருக்கும் எனக்கு அது கூடாது என்று எங்கள் மருத்துவர் சொல்கிறார். ஆனால் இதே ஊரில் இஇசிபி என்று காலில் பட்டை கட்டி அமுக்கும் சிகிச்சையை இதய நோயாளிகளுக்கே கொடுக்கிறார்கள். அது மட்டும் எப்படிச் சரி?
— வாசகர், சென்னை

பதில்: நியாயமான கேள்வி. இரண்டும் காலைத்தான் அமுக்குகின்றன. எந்த நொடியில் அமுக்குகின்றன என்பதில் வேறுபடுகின்றன. இஇசிபி சிகிச்சையில் கெண்டைக்கால், தொடை, இடுப்பு ஆகிய இடங்களில் கட்டப்படும் பட்டைகள் ஈசிஜியுடன் இணைக்கப்பட்டிருக்கும். இதயம் விரிந்து ஓய்வெடுக்கும் கணத்தில் கீழிருந்து மேலாக வரிசையாக இறுகும். இதயம் சுருங்கத் தொடங்குவதற்குச் சற்று முன் எல்லாம் ஒரேயடியாகத் தளர்ந்துவிடும். வழக்கமாக ஒரு மணி நேரம் வீதம் 35 அமர்வுகள். மற்ற வழிகளில் தீராத நெஞ்சு வலிக்காகவே இது பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது. அதிலும், உடம்பில் நீர் கோத்து மூச்சு வாங்கும் நிலையில் இருப்பவரை, நீர் வடிந்து நிலை சீராகும்வரை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உங்கள் மகன் அனுப்பிய இயந்திரத்துக்கு உங்கள் இதயம் எப்போது சுருங்குகிறது, எப்போது விரிகிறது என்று தெரியாது. மூட்டு வலி உள்ள உறவினர் யாருக்காவது, அவருடைய மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். பழையபடி தன்வந்தரம் தைலம் தேய்த்து வேது பிடிக்கலாமா? வர்ம ஆசானிடம் காட்டலாம் என்றும் உறவினர்கள் சொல்கிறார்கள்.
— வாசகர், நாகர்கோவில்

பதில்: இப்போதைக்கு வேது வேண்டவே வேண்டாம். நீராவிச் சூட்டில் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து, இரத்த அழுத்தம் சரியும். அதை ஈடுகட்ட இதயம் வேகமாக ஓட வேண்டியிருக்கும். நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள் ஏற்கெனவே அழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்கின்றன. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக்கொள்வதற்கும் இதே பதில்தான்.

சித்த மருத்துவத்தில் மசாஜுக்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று அதில் ஒன்பது வகைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. எல்லா உடம்புக்கும் எல்லா வகையும் பொருந்தும் என்றால் இத்தனை வகை பிரித்திருக்க வேண்டியதில்லை. இறுக்கல், முறுக்கல் போன்றவை உங்களுக்கு ஆகாது. வர்மப் புள்ளிகளில் கொடுக்கும் அழுத்தமும் அப்படித்தான், குறிப்பாக நீங்கள் இரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம், வார்ஃபரின், குளோபிடோகிரல் போன்ற மாத்திரைகள் எடுப்பவராக இருந்தால். அழுத்திய இடமெல்லாம் கன்றிப்போகும். உள்ளே இரத்தம் கசிந்தால் வெளியே தெரியவும் தெரியாது. பட்டம் பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவரிடம் போவதாக இருந்தால் எக்கோ அறிக்கையையும் மருந்துச் சீட்டையும் எடுத்துச் சென்று காட்டுங்கள். அவரிடம் மறைத்துவிட்டுத் தைலம் வாங்கி வருவதிலும், இதய மருத்துவரிடம் மறைத்துவிட்டுக் கஷாயம் குடிப்பதிலும் நஷ்டப்படுபவர் நீங்கள்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரியான உடையில் எடை பார்த்துக் காலண்டரில் குறித்துவையுங்கள். மூன்று நாட்களில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால் அது சாப்பாட்டு எடை அல்ல, நீர். காலில் வீக்கம் தெரியும்வரை காத்திருக்காமல் மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள்.

கேள்வி: பேஸ்மேக்கர் வைத்த பக்கத்துத் தோள் இறுகிப்போயிருக்கிறது. நீவிவிடலாமா?
— வாசகி, புதுச்சேரி

பதில்: கருவி இருக்கும் மேட்டையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் யாரும் தேய்க்கக் கூடாது. தோலுக்கு அடியில் கருவியை அடிக்கடி உருட்டிக்கொண்டே இருந்த நோயாளிகளுக்கு ஒயர் சுருண்டு இதயத்திலிருந்து விலகிய சம்பவங்கள் 1968 முதலே மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கின்றன. காந்தம் பொருத்திய மசாஜ் கருவிகளையும் நாற்காலிகளையும் நெருங்கவே வேண்டாம். பயத்தில் கையை அசைக்காமலே வைத்திருப்பதால்தான் பலருக்குத் தோள் இறுகுகிறது. எந்த அளவுக்குக் கையை உயர்த்தலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் பயிற்சி எடுங்கள்.

கேள்வி: முடிவெட்டும் கடையில் கழுத்தைத் திருப்பிச் சொடுக்கு எடுக்கிறார்களே?
— வாசகர், சேலம்

பதில்: இதயம் நன்றாக இருப்பவர்களுக்கே கூடாது. கழுத்தின் வழியே மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும்.

கேள்வி: படுத்த படுக்கையாக இருக்கும் என் அம்மாவுக்கு இடுப்பின் பின்புறம் சிவந்திருக்கிறது. படுக்கைப் புண் வராமலிருக்க அந்த இடத்தில் நன்றாகத் தேய்த்துவிடச் சொல்கிறார்கள்.
— வாசகி, திண்டுக்கல்

பதில்: அது பழைய காலத்து யோசனை, இப்போது கைவிடப்பட்டுவிட்டது. எலும்பு துருத்தும் இடத்தில் தோல் சிவந்திருந்தால், அடியில் உள்ள திசு ஏற்கெனவே நசுங்கியிருக்கிறது என்று பொருள். தேய்த்தால் அது மேலும் சிதையும். நீர் கோத்த தோல் இன்னும் எளிதாகப் பிய்ந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிச் சாய்த்துப் படுக்கவையுங்கள். விரிப்பில் சுருக்கமும் ஈரமும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விரலால் அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு வெளிறாமல் அப்படியே இருந்தால் அன்றே நர்ஸிடம் காட்டுங்கள்.

கேள்வி: நான் மகன். அப்பாவுக்கும் எனக்கும் பேச்சு எப்போதுமே குறைவு. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவரைத் தொட்டதாகவே நினைவில்லை. இப்போது வார்டில் அவர் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். முதுகை நீவட்டுமா என்று கேட்க எனக்கும் கூச்சம், அவருக்கும் கூச்சம்.
— வாசகர், காரைக்குடி

பதில்: முதுகை விட்டுவிடுங்கள், கையிலிருந்து ஆரம்பியுங்கள். சட்டையைக் கழற்ற வேண்டியதில்லை, திரையை இழுத்து மூட வேண்டியதில்லை, அவரைப் புரட்டவும் வேண்டியதில்லை. "கை வறண்டு கிடக்கிறதே, கொஞ்சம் எண்ணெய் தடவட்டுமா அப்பா?" என்று கேட்டால் பெரும்பாலான தகப்பன்மார்கள் வேண்டாம் என்று சொல்வதில்லை. வென்ஃபிளான் குத்தாத கையை எடுத்து ஒரு தலையணையின் மேல் வையுங்கள். உங்கள் இரண்டு கட்டைவிரல்களையும் அவருடைய உள்ளங்கையின் நடுவில் வைத்து, புத்தகத்தைப் பிரிப்பதுபோல் ஓரங்களை நோக்கி மெதுவாக விரித்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு விரலாக அடியிலிருந்து நுனி வரை நீவுங்கள். நுனியில் இழுத்துச் சொடுக்கு எடுக்காதீர்கள். ஒரு கைக்கு ஐந்து நிமிடம் ஆகும். பேச வேண்டிய கட்டாயம் இல்லை. தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தால் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கலாம். மறுநாள் அவராகவே கையை நீட்டினால், வென்ஃபிளானை எப்போது எடுப்பார்கள் என்று நர்ஸிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு, ஊசி குத்திய இடத்தில் வீக்கமோ சிவப்போ இல்லை என்றால், ஒரு நாள் விட்டு, அந்தக் கையையும் தொடங்கலாம்.